அச்சம் பூஜ்யம்

அந்தக் காலத்தில் அச்சமானியில் உள்ளங்கையை வைக்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. வீட்டுப் பத்திரம், திருமணப் பதிவு, நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றுக்கும் அதே தட்டுதான். நரம்பில் ஓடும் பயத்தை அது எண்ணாக்கிக் காட்டும். இருபதைத் தாண்டினால் கையெழுத்து செல்லாது. இனி யாரையும் மிரட்டி எழுதி வாங்க முடியாது என்று நாடே பூரித்துப் போயிருந்தது.

இசக்கியம்மாள் கணவனைக் கொன்றவள். பதினான்கு வருடம் அடி வாங்கிவிட்டு, ஒருநாள் அம்மிக் குழவியைக் கையில் எடுத்துவிட்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுளுக்குப் பதில் பன்னிரண்டு ஆண்டு, ஆனால் பிற்பாடு எந்தச் சலுகையும் கேட்கக்கூடாது என்று அரசுத் தரப்பு பேரம் பேசியது. கையெழுத்திட்டாள். நான்கு ஆண்டு கழித்து, வீட்டில் அடிபட்ட பெண்களின் தண்டனையைக் குறைக்கும் சட்டம் வந்தது. அதன்படி அவள் உடனே வெளியே வந்து மகளோடு இருக்கலாம். அந்த ஒரு கையெழுத்துதான் குறுக்கே நின்றது.

பயந்து போட்டது, செல்லாது என்று வாதாடினார் வழக்கறிஞர் மரகதவல்லி. நீதிபதி அருளப்பன் பழைய பதிவைத் திறந்தார். பூஜ்யம் என்று இருந்தது. அப்படியானால் கருவி பழுது என்றார் மரகதவல்லி. அவர் கையையே தட்டில் வைக்கச் சொல்லிவிட்டு, நீதிபதி திடீரென்று மேசையில் ஓங்கித் தட்டினார். அறுபத்து மூன்று காட்டியது. கருவியில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்குப் பயமே இல்லையா என்று இசக்கியம்மாளைக் கேட்டார்கள்.

"மூஞ்சில பயம் தெரிஞ்சா எம் வீட்டுக்காரருக்கு இன்னும் கோவம் வரும்ய்யா. கை நடுங்கினா அதுக்குத் தனியா விழும். அதான் பயத்த உள்ள விடாம இருக்கப் பழகிட்டேன்."

பயம் ஆளையே தின்று முடித்தபின் வரும் பூஜ்யம் அது. சட்டத்துக்கோ பூஜ்யம் என்றால் சம்மதம். அருளப்பனுக்கு மனது கேட்கவில்லை, அநியாயம் செய்கிறோமோ என்ற பயம் வேறு. ஆனால் விதி எண்ணைத்தான் ஏற்கும். மனுவைத் தள்ளுபடி செய்து, கையெழுத்திடத் தட்டில் கையை வைத்தார். முப்பத்தொன்று காட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வைத்தார். நாற்பதாகிவிட்டது. அவர் கையெழுத்து செல்லாதவரை மனு உயிரோடு இருக்கும். மரகதவல்லி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரில் ஓர் ஆண் தவித்தால், அது கோபமாக மாறுவதற்குள் சமாதானப்படுத்திவிட வேண்டும் என்பது இசக்கியம்மாளின் உடம்பில் ஊறிய பழக்கம். கூண்டிலிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஐயா, என்னயப் பாக்காதிய. சுவத்தப் பாத்துக்கிடுங்க. அது உங்க கையே இல்லன்னு நெனச்சுக்கிடுங்க. பத்து எண்ணுறதுக்குள்ள அடங்கிரும்."

அவர் சுவரைப் பார்த்தார். பத்து வரை எண்ணினார். பூஜ்யம் வந்தது, கையெழுத்து செல்லும் என்றது கருவி. அவளுக்கு இன்னும் எட்டு ஆண்டு இருந்தது.