எலுமிச்சம்பழமே போதும்

மூன்றாவது பிளக்கின் ஒயரைப் பிடுங்கினான் மணவாளன். என்ஜின் சத்தம் மாறவே இல்லை.

மற்ற மூன்றில் எதைப் பிடுங்கினாலும் வண்டி இன்னும் மோசமாகக் குலுங்கியது. மூன்றாவதைப் பிடுங்கினால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். செத்தது எதுவென்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் பிளக் புதுசு, ஒயர் புதுசு, நெருப்பும் நீலமாகத்தான் வருகிறது. பிறகு என்ன கேடு?

முள்ளிப்பட்டில் நாற்பது தறிகளுக்கு வேலை கொடுக்கிற குப்புராஜின் கார் அது. "காலையில முத ஸ்டார்ட்டுல அஞ்சு நிமிஷம் ஜுரம் வந்த மாதிரி ஒதறுதுப்பா, அப்புறம் தானா சரியாயிடுது" என்று விட்டுப் போயிருந்தார். சூடான வண்டியில் இந்தக் கோளாறு பிடிபடாது. ராத்திரி முழுக்க நிறுத்தி, விடியலில் முதல் ஸ்டார்ட்டில்தான் பார்க்க வேண்டும். அதனால் மூன்று நாளாக மார்கழிப் பனியில், கண்ணமங்கலம் போகிற சாலையோரத்துத் தன் ஷெட்டுக்கு ஐந்து மணிக்கே வந்துகொண்டிருந்தான். பெட்ரோல் நாற்றமும் ஈரச் சாக்கின் வாடையும் கலந்து கிடந்த அந்த அரை இருட்டில், தலைக்கு மேல் ஆடிய ஒற்றை பல்பின் வெளிச்சத்தில், சுவரில் விழுந்த பானெட்டின் நிழல் வாயைத் திறந்து மூடுவதுபோல் அசைந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தான்.

என்ஜின் மூடியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை அதன் விளிம்பில் நிற்க வைத்தான். நல்ல என்ஜினாக இருந்தால் நாணயம் நிற்கும். அது டங்கென்று விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது.

என்ஜினை நிறுத்தி மூன்றாவது பிளக்கைக் கழற்றினான். முனை ஈரமாக இருந்தது. பெட்ரோல் ஈரம் இல்லை, பழுப்பாக, கொழகொழவென்று விரலில் ஒட்டியது. முகர்ந்தான். ரேடியேட்டர் தண்ணீர் துருவோடு கசிந்திருக்கும், கேஸ்கட் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துருவின் வாடை அவனுக்குத் தெரியாதா? இது வேறு வாடை. ஆடி மாதம் இதே காரின் முன்சீட்டைப் பிரித்தபோது இந்த வாடைதான் முகத்தில் அடித்தது.

அந்த ஆடியில், வெம்பாக்கம் பக்கம் ஒரு புளியமரத்தில் மோதிய கார் இது. உள்ளே இருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய்விட்டார்கள். நொறுங்கிய கூட்டை வாங்கி, முன்பக்கத்தை வெட்டி, வேறு ஒட்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, "ஒரே ஆள் ஓட்டின வண்டி மொதலாளி, பூ மாதிரி வெச்சிருந்தாரு" என்று குப்புராஜிடம் தள்ளிவிட்டவன் மணவாளன். வாய் கூசவில்லை.

ஆள் செத்த வண்டி மறுபடி ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் முனீஸ்வரன் கோயிலில் முன் சக்கரத்தின் மேல் ஒரு சேவலை அறுத்துக் காவு கொடுப்பார்கள். லாரிக்காரனிலிருந்து டாக்ஸிக்காரன்வரை யாரும் அதை விடமாட்டார்கள். ஒரு தடவை ரத்தம் குடித்த வண்டிக்குக் கணக்கைத் தீர்க்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும் என்பார்கள். சேவலோடு போயிருந்தால் பூசாரி பழனி "எந்த ஆக்சிடென்ட் வண்டிடா?" என்று கேட்டிருப்பான். மாலைக்குள் ஆரணி முழுக்கத் தெரிந்திருக்கும். குப்புராஜ் வீட்டிலோ முட்டைகூட உடைக்கமாட்டார்கள். "எலுமிச்சம்பழமே போதும் மொதலாளி" என்று நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து நசுக்கி அனுப்பினான்.

பிளக்கை மாட்டி, திரும்பவும் ஸ்டார்ட் செய்தான். உதறல் இப்போது இன்னும் அதிகம். பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமென்று ஸ்பேனரோடு குனிந்தான். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஸ்பேனர் வழுக்கியது. கை, என்ஜினுக்கு முன்னால் சுழன்ற ரேடியேட்டர் ஃபேனுக்குள் போய்விட்டது.

சட்டென்று வலி தெரியவில்லை. நடுவிரலின் நுனி இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. என்ஜின் மேலெல்லாம் ரத்தம் தெறித்து, சூட்டில் பொரிந்தது.

உதறல் நின்றது.

கையைத் துணியால் இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றான். தையல் மெஷின் மாதிரி ஓடியது வண்டி. இடது கையால் நாணயத்தை எடுத்து வைத்தான். அது விளிம்பில் நின்றது. ரத்தம் காய்ந்து கறுத்தது. நாணயம் மெல்ல ஆடி, டங்கென்று விழுந்தது. மறுபடியும் உதறல்.

மணவாளன் ஓடிப்போய்ச் சாவியைத் திருகிப் பிடுங்கினான். நிற்கவில்லை. நான்கு ஒயரையும் பிடுங்கிப் போட்டான். அதுவும் நிறுத்தவில்லை. நெருப்பே இல்லாமல் ஓடியது.

"இன்னா மணவாளா, ரெடியா?"

குப்புராஜ். மொபெட்டை நிறுத்திவிட்டு, பனிக்குக் காதைச் சுற்றிப் பட்டுத் துண்டு கட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணையும் கொழந்தையையும் இன்னைக்கு வேலூர் ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் பண்றாங்கப்பா. பேரன். ஜல்தியா கெளம்பணும். என் வூட்டுக்காரி கமலம் ஆட்டோல வந்துகினு இருக்கா."

இந்த வண்டியில் பச்சைக் குழந்தை ஏறப்போகிறது.

"மொதலாளி, இந்த வண்டி வேணாங்க. வேற வண்டி சொல்லிவிடறேன்."

"ஏம்பா?"

சொல்லிவிடு. ஆள் செத்த வண்டி என்று சொல்லிவிடு.

"சின்ன வேலதாங்க. பேஜார் பண்ணுது."

"பேரனைத் தூக்கியார இதத்தாம்பா எடுக்கணும். கையில இன்னா கட்டு?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எங்க, சத்தத்த நானும் கேக்கறேன்."

காதிலிருந்த துண்டை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். என்ஜின் மேல் குனிந்தார். துண்டின் இரண்டு முனையும் முன்னால் தொங்கின. அவர் தறியிலேயே நெய்த பட்டு. இழுத்தால் அறாது. ஃபேனுக்கு நாலு விரற்கடை தூரம்.

மணவாளன் பார்த்தான். 'நிமிருங்க'. ஒரே சொல். அது அவன் நாக்கின் மேலேயே இருந்தது. ஒருவேளை வண்டிக்கு இது போதுமோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு கணம். ஒரே கணம்.

துண்டு போனது.

தலை போனது. பற்கள் இரும்பில் மோதிய சத்தம். ஒரு முறை. மறுபடி. கால்கள் தரையைப் பிறாண்டின. செருப்பு ஒன்று கழன்று பறந்தது. பட்டு அறவில்லை. ரத்தம் பானெட்டில் அடித்தது, பல்பில் அடித்தது, ஷெட் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். மணவாளன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க உள்ளே போனார்.

பிறகு கால்கள் ஓய்ந்தன.

வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. நாலு ஒயரும் அறுந்த வால்களாகத் தொங்கின. என்ஜின் மூடியின் மேல் நாணயம் விளிம்பில் நின்றது. அவன் அதை எடுத்து வைக்கவில்லை.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. வளையல் சத்தம் கேட்டது.

"இன்னாங்க, கெளம்பலையா? கொழந்த காத்துகினு இருக்கும்."

கமலத்தின் குரல். பேரனைப் பார்க்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முந்தானை காற்றில் பறக்க வந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை கத்திவிட வேண்டும் என்று மணவாளன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

என்ஜின் மேல் ரத்தம் காய்ந்து கறுக்க ஆரம்பித்திருந்தது. நாணயம் ஆடியது.