டிக் டிக் வேலியும் சுப்பம்மா மாமியின் வானொலியும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தர்மிளா வீட்டுக் கச்சான் தோட்டத்தில், அதாவது நிலக்கடலைத் தோட்டத்தில், பாதியைக் காணவில்லை.

"ஆனை!" என்றார் அப்பா.

ஆனைதான், அதில் சந்தேகமே இல்லை. மண்ணில் பதிந்திருந்த காலடி ஒன்றுக்குள் தம்பி வினோதன் சப்பாணி கட்டி உட்கார்ந்து காட்டினான். அவ்வளவு பெரிய காலடி! அம்மா அவனைக் காதில் பிடித்துத் தூக்கி எடுத்தார்.

சந்தேகம் வேறு விஷயத்தில்தான் இருந்தது. விசுவமடுவில் அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, காட்டோரத்தில் இருக்கிறது. காட்டுக்கும் ஒழுங்கைக்கும் நடுவே நீளமாக ஒரு மின்வேலி ஓடுகிறது. ஆனையின் தும்பிக்கை பட்டால் 'சுள்' என்று ஓர் அடி விழும். ஆனை சாகாது, ஆனால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். போன வருடம் ஊர் கூடிக் கட்டிய வேலி அது. அப்படி ஒரு வேலி இருக்க, ஆனை எப்படி உள்ளே வந்தது?

வேலிக்குழுத் தலைவர் சிவகரன் மாமா அன்று காலையிலேயே வேலி நெடுக நடந்து பார்த்தார். கம்பி எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ஒரு கட்டைகூடச் சாயவில்லை.

"வேலியில ஒரு பிழையும் இல்லை," என்றார் அவர், அப்பாவிடம். "ஆரோ ராவில மெசினை நிப்பாட்டியிருக்கினம்."

ஆரோ என்றால் யார்? வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் மெசின் பெட்டியின் திறப்பு, அதாவது சாவி, ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது.

அந்த ஆள் சுப்பம்மா மாமி. வேலியின் மேற்குக் கரையில், கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். மெசின் பெட்டி அவர் முற்றத்தில் இருந்தது. மாலை ஆறு மணிக்கு வேலியைப் போடுவதும், காலை ஆறு மணிக்கு நிறுத்துவதும் அவர் பொறுப்பு. ஒரு நாளும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை.

அந்தத் திறப்பைத் தவிர மாமிக்கு உயிராக இருந்தது ஒரு பழைய வானொலி. கைப்பிடி உடைந்து, சைக்கிள் டியூப்பால் புதுக் கைப்பிடி கட்டப்பட்ட வானொலி. அதில் ஒவ்வொரு நாளும் மாலை ஆறரைக்கு 'அந்திப் பாட்டு' கேட்பார். எல்லாம் பழைய பாட்டுகள். முன்பு அந்த நிகழ்ச்சி ஒரு மணி நேரம் நடந்ததாம். பிறகு அரை மணியானது. இப்போது விளம்பரமெல்லாம் போகக் கால் மணிதான் மிச்சம். அதுவும் வருகிற சனிக்கிழமையோடு சரி.

"எங்கள் மத்திய அலைச் சேவை நிறுத்தப்படுகிறது. இனி எங்களை உங்கள் கைத்தொலைபேசியில் கேளுங்கள்," என்று அறிவிப்பாளர் தினமும் சொன்னார். மாமியின் கைத்தொலைபேசியில் ஆட்களோடு பேசலாம். அது தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

தர்மிளாவுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் கிணற்றடியில் மாமி வேலியைத் திட்டித் தீர்த்தார்.

"ஒரு மாசமா பாரு புள்ள, பாட்டு போடுறப்போ எல்லாம் டிக் டிக்குனு அடிக்குது. எல்லாம் இந்த வேலியாலதான்! ஒரு நாளைக்கு இத நிப்பாட்டிட்டு நிம்மதியா ஒரு பாட்டு கேக்கப்போறேன்."

அன்று தர்மிளா சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பாதித் தோட்டம் போயிருந்தது. அப்பா வரம்பில் தலையில் கை வைத்தபடி இருந்தார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிவகரன் மாமா, உங்களுக்கு ஒண்டு தெரியுமோ?" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அடேயப்பா! காலையில் அவள் சொன்ன கதை கடைக்குப் போய், கோயிலுக்குப் போய், பின்னேரம் அவர்கள் வீட்டுப் படலை வாசலுக்கே திரும்பி வந்தது. வரும்போது நன்றாகக் கொழுத்திருந்தது. மாமி தினமும் வேலியை நிறுத்துகிறாராம். ஆனைக்கு வாழைப்பழமும் வைக்கிறாராம்!

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதி சுதாஜினி அவளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆனை வர முந்தின கிழமை சுப்பம்மா மாமி வீடு வீடாப் பேர் கேட்டுத் திரிஞ்சவா, தெரியுமோ? எங்கட வீட்டிலயும் கேட்டவா."

"ஓம், எங்கட வீட்டிலயும் கேட்டவா. தம்பியின்ட பள்ளிக்கூடத்துப் பேரைக்கூடக் கேட்டவா."

"ஏன் எண்டு நினைக்கிறாய்? பெட்டிசம்!" சுதாஜினி கண்களை உருட்டினாள். "எங்கள் எல்லாருக்கும் எதிரா எழுதிப் போட்டிருக்கிறா எண்டு அம்மா சொன்னவா."

பெட்டிசம் என்றால் அரசாங்க அலுவலகத்துக்கு எழுதிப் போடும் முறைப்பாடு. மாமி வீட்டுக் கதிரையில் கிடந்த ஒரு தாளை அவளும் கண்டிருந்தாள். முதல் பெயர் சிவகரன். அதற்குக் கீழே ஊரே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் தர்மிளா என்ற பெயரும் இருந்தது. 'எனக்கு எதிராகக்கூடவா?' என்று அவள் பொருமினாள்.

புதன்கிழமை இரவு ஆனை மறுபடியும் வந்தது. இந்த முறை சிவகரன் மாமாவின் வாழைகள் போயின.

"சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாரும் வாங்கோ," என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னார். "அவாவின்ட முற்றத்தில வைச்சே திறப்பை வாங்குவம்."

மாமியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று தர்மிளாவுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை மாலை மாமி முற்றத்தோரப் புதர்ப் பற்றைக்குள் புகுந்து ஒளிந்துகொண்டாள். நுளம்பு கடித்தது. அடிக்கவும் முடியாது, சத்தம் கேட்டுவிடும்.

சரியாக ஆறு மணிக்கு மாமி பெட்டியைத் திறந்து வேலியைப் போட்டார். பெட்டியின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது. ஆறரைக்கு வானொலி பாடியது.

டிக்... டிக்... டிக்...

'இப்ப நிப்பாட்டப் போறா,' என்று நினைத்தாள் தர்மிளா. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

மாமி வானொலியைக் குலுக்கினார். திட்டினார். தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கக் கிணற்றடிக்குப் போனார். அங்கே டிக் டிக் இன்னும் கூடியது. திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே கொஞ்சம் குறைந்தது. பாட்டு முழுவதும் டிக் டிக்கோடுதான் முடிந்தது. மாமியின் கை பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

தர்மிளா பச்சை விளக்கைப் பார்த்தாள். விளக்கு ஒரு முறை மின்ன, வானொலி ஒரு முறை டிக் என்றது. மின்னல், டிக். மின்னல், டிக்.

ஐயையோ! வேலி ஓடினால்தான் டிக் கேட்கும். ஒரு மாதமாக டிக் கேட்கிறது என்றால் ஒரு மாதமாகப் பாட்டு நேரத்தில் மாமி வேலியை நிறுத்தவே இல்லை. கிணற்றடியில் மாமி சொன்னது வெறும் கோபக் கதை. அதைப் போய் ஊருக்குக் கொடுத்தது யார்? தர்மிளாவுக்கு அழுகை வந்தது.

நேரே சிவகரன் மாமா வீட்டுக்கு ஓடினாள். அவர் கேட்டுவிட்டுக் கையை உதறினார்.

"அப்ப ஆனை பறந்தோ வந்தது? போ பிள்ளை, போய்ப் படி."

ஆனை பறக்காது. அப்படியென்றால் வேலியில்தான் ஏதோ பிழை. அன்றிரவு படுக்கும் வரை தர்மிளா அதையே யோசித்தாள். டிக் சத்தம் மெசினிலிருந்து வந்தால் பெட்டிக்குப் பக்கத்தில்தானே கூடக் கேட்க வேண்டும்? கிழக்கே போகப் போக ஏன் கூடியது?

சனிக்கிழமை ஆறு மணிக்கு மாமியின் முற்றம் நிறைந்துவிட்டது. மாமி வேலியைப் போட்டுவிட்டு, வானொலியை மடியில் வைத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"திறப்பைத் தாங்கோ, சுப்பம்மாக்கா," என்றார் சிவகரன் மாமா.

"ஆறே முக்கால் வரைக்கும் பொறுங்க. இன்னிக்குக் கடைசிப் பாட்டு. அது முடிஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போங்க."

தர்மிளா ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமி, ரேடியோவை ஒருக்காத் தாங்கோ."

மாமி வானொலியை இறுக்கிப் பிடித்தார். "எதுக்கு? இதையும் பறிக்கப் போறீங்களா?"

"இல்லை மாமி." தர்மிளா நீட்டிய கையை எடுக்கவில்லை. "நீங்கள் கிணத்தடியில சொன்னதை நான்தான் எல்லாருக்கும் சொன்னனான். நான்தான் பிழை விட்டனான். இப்ப ஆனை வந்த வழியை நானே கண்டுபிடிக்கிறன். தாங்கோ!"

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வானொலியை நீட்டினார்.

"கீழ போட்ட, தொலைச்சிருவேன்."

தர்மிளா வானொலியைப் போட்டு, வேலியிலிருந்து பத்து அடி தள்ளி, கிழக்கே நடந்தாள். டிக், டிக். ஊர் முழுவதும் பின்னால் வந்தது. 'இதென்ன கூத்து' என்று யாரோ முணுமுணுத்தார்கள். கிணற்றடி தாண்டியதும் டிக் கூடியது. பாலை மரத்தடியில் இன்னும் கூடியது. மதகடிக்கு வந்தபோது வானொலி 'டக்! டக்!' என்று அடித்தது. மதகைத் தாண்டினாள், குறைந்தது. திரும்பி வந்தாள், மறுபடியும் டக்! டக்!

"இஞ்சதான்," என்றாள். "சிவகரன் மாமா, ரோச்சை அடிச்சுப் பாருங்கோ. தொட்டுப் போடாதேங்கோ!"

சிவகரன் மாமா ஒளியைப் பாய்ச்சினார். மதகோரக் கட்டையை ஒரு கொடி மூடியிருந்தது. இலைகளுக்கு இடையில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. டக். மறுபடியும் தெறித்தது. டக்.

கம்பி கட்டையில் படாமல் பிடித்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு வெடித்திருந்தது. கம்பி ஈரக்கட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

"கரண்ட் எல்லாம் இதுக்குள்ளால நிலத்துக்கு இறங்கியிருக்கு," என்றார் சிவகரன் மாமா மெதுவாக. "ஆனைக்குக் கிச்சுக் கிச்சுக் காட்டின மாதிரித்தான் இருந்திருக்கும், கம்பியைத் தாண்டி வந்திட்டுது. நான் பகலில, மெசின் நிண்ட பிறகு பாத்தபடியால பொறி தெரியேல்லை."

யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆறு மணி இருபது ஆகியிருந்தது.

"என்னா எல்லாரும் செலை மாதிரி நிக்கிறீங்க?" என்று கத்தினார் சுப்பம்மா மாமி. "நா போய் நிப்பாட்டுறேன். நீங்க சரியாக்குங்க. பாட்டு போயிரும்!"

மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். வானொலியில் டிக் நின்றதும் சிவகரன் மாமா கொடியை வெட்டி, எப்போதும் கொண்டு திரியும் வேலிப் பையிலிருந்து புதுத் துண்டை எடுத்துப் போட்டு, குறட்டால் கம்பியை இழுத்துக் கட்டினார். "போடுங்கோ அக்கா!" என்று அவர் கத்தினார். அது வாய் வாயாகத் தாண்டி மேற்கே போனது.

மாமி மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். வேலி ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் டிக் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு பாட்டுகள் தெளிவாகக் கேட்டன. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் அறிவிப்பாளர் பேசினார்.

"இது எங்கள் கடைசி அந்திப் பாட்டு. விசுவமடுவிலிருந்து நேயர் சுப்பம்மா தபால் அட்டை அனுப்பியிருக்கிறார். அவரோடு சேர்ந்து இந்தப் பாட்டை விரும்பிக் கேட்பவர்கள்... சிவகரன், ஜெகதீஸ்வரி, கிருசாந்தன், கனகலிங்கம், இரஞ்சிதம்..."

சிவகரன் மாமா கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டுவிட்டார்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. வினோதனின் பெயர் வந்தபோது அவன் துள்ளிக் குதித்தான். சுதாஜினி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டிசம் என்று அவர்கள் பயந்த அந்தப் பட்டியல் இதுதான்! நாற்பத்தொரு பெயர்களையும் அறிவிப்பாளர் வாசித்தார். தர்மிளாவின் பெயர் முப்பதாவதாக வந்தது. வாசித்து முடிக்கவே நேரம் போய்விட்டது. பாட்டில் பாதிதான் போட்டார்கள். பிறகு வானொலி இரைந்தது. அவ்வளவுதான், நிலையம் போய்விட்டது.

சிவகரன் மாமா குனிந்து குறட்டை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, என்னில பிழைதான். திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும்."

"நா எப்ப குடுத்தேன், நீங்க திருப்பித் தர?" என்றார் மாமி.

தர்மிளா மாமியின் பக்கத்தில் போய் நின்றாள். "மாமி, நான் அப்பிடிக் கதைச்சும் என்ட பேரை ஏன் விட்டு வைச்சனீங்கள்?"

"அது ஆனை வர்றதுக்கு முந்தி போட்ட கார்டு புள்ள. தபால் பெட்டிக்குள்ள கைய விட்டு வெட்டவா முடியும்?"

சொல்லிவிட்டு மாமியே முதலில் சிரித்தார். பிறகு இரைந்துகொண்டிருந்த வானொலியை நிறுத்தி, டியூப் கைப்பிடியைத் தர்மிளாவின் தோளில் மாட்டினார்.

"இனி இதில ஒண்டும் வராதே," என்றான் வினோதன்.

"ஏன் வராது? அடுத்த சனிக்கிழமையும் ஆறரைக்கு வாங்க. இதத் தூக்கிக்கிட்டு வேலிய ஒரு சுத்து பார்ப்போம். எங்கயாவது டிக்குனு கேட்டாச் சொல்லுங்க."

"கேக்காட்டி?" என்றாள் தர்மிளா.

"கேக்காட்டி நா பாடுறேன்."

"அப்ப சரி," என்றார் சிவகரன் மாமா. "ஆனை இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காது."

முதலில் சிரித்ததும் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியதும் சுப்பம்மா மாமிதான்.