நெய்தலகத்தின் மூன்றாவது விருந்தாளி

கடலுக்குள் கழிவுக்குழாயைத் திறந்துவிட்டது நான்தான். வேறு யார்மீதும் பழிபோட வழியில்லை. கட்டுப்பாட்டு அறையில் என்னோடு இருந்தது ஓர் இயந்திரப் பணியாள் மட்டுமே. அது தவறே செய்யாது. அதனாலேயே என்மேல் அதற்கு மரியாதை கிடையாது.

செவ்வாயில் கடலோர மாளிகை என்றால் கடலையும் நாமேதான் கட்ட வேண்டும். நெய்தலகத்தை வடிவமைத்தவன் என்ற முறையில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். வெளுத்து அரைத்த செம்மண்ணே மணல். தலையணை உறையைவிட மெத்தென்றிருக்கும். சுவர்களில் மணத்தூவிகள் உப்புக்காற்றை ஊதும். படுக்கையறைத் தரை கண்ணாடி, அடியில் நீலத் தண்ணீர். கேட்டபோதெல்லாம் சூரியன் மறையும்.

ஆனால் பூமியிலிருந்து குடியேறியவர்களுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. முதலில் வந்த இரண்டு வெள்ளோட்ட விருந்தாளிகளும் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். காரணம் கேட்டால் சிரித்தார்கள். மூன்றாவதாக வருபவர்களும் போய்விட்டால் தொட்டியை வற்றவைத்துத் தக்காளி போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். நான் பழையபடி கழிவுநீர்ப் பிரிவுக்கு. அங்கிருந்து வந்தவன்தான்.

மூன்றாவதாகப் பொற்கொடி அம்மாவும் அவர் கணவர் இளம்பரிதியும் வந்தார்கள். இருவரும் வங்கக் கடலோரம் பிறந்து வளர்ந்தவர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்வதுபோல நாற்காலி நுனியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். மணலில் கால் வைக்கலாமா என்று இயந்திரத்திடம் அனுமதி கேட்டார்கள். என்ன குறை என்று கெஞ்சினேன்.

"ஒரு குறையும் இல்லீங்க, சூப்பரா இருக்கு" என்றார் அம்மா. பிறகு திரும்பிப் போக ஊர்திக்குச் சொல்லச் சொன்னார்.

பதறிப்போய், பெரிய அலை ஒன்றைக் காட்டியாவது அவர்களை நிறுத்திவிடலாமென்று கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திருகினேன். திருகியது பக்கத்திலிருந்த கழிவுக்குழாயை.

வந்தது அலைதான். மஞ்சள் நுரை, முடிக்கற்றை, குடியிருப்பு மொத்தமும் தின்று தீர்த்த சாம்பார்ப் பைகள், பெயர் சொல்லக் கூடாத மிதவைகள். அழுகிய முட்டையும் ஊறிய கால்மிதியும் கலந்த நாற்றம். மணத்தூவிகள் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றன. பளிங்குப் படியில் ஏதோ வழவழவென்று ஏறி வந்தது. நான் செயற்கைத் தென்னையின் அடியில் வாந்தியெடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த இருவரிடமும் மன்னிப்புக் கேட்க ஓடினேன்.

கரையில் பொற்கொடி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இளம்பரிதி கால்சட்டையை மடித்துவிட்டு அந்தக் கண்றாவிக்குள் முழங்காலளவு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சுத்தம் செய்யப் போன இயந்திரத்தை அம்மா கையசைத்து விரட்டினார். ஊர்தி வேண்டாமாம். இன்னும் ஒரு வாரம் தங்குவார்களாம். தங்கைக் குடும்பத்தையும் வரச் சொல்லப் போகிறார்களாம்.

என் வேலை பிழைத்தது. ஆனால் காரணம் புரியவில்லை. இதில் எதைக் கண்டு தங்குகிறீர்கள் என்று கேட்டேன். காற்று நன்றாயிருக்கிறது என்று மழுப்பினார் இளம்பரிதி. நான் விடவில்லை. அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அவ்ளோ சுத்தமா இருந்தா பயமா இருக்கு தம்பி. ரெண்டு நாளா முறுக்குக் கவரை இடுப்புலயே சொருகி வெச்சிருந்தேன். கீழ போட்டா நாமதான் அசிங்கம் பண்ணோம்னு ஆயிடும்ல? இப்ப அந்தக் கவலையில்ல. யாரோ நமக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க."