பசை எடுத்த முகம்

கன்னத்தில் ஈ உட்கார்ந்திருப்பது ஸ்ரீலேகாவுக்குக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே உட்கார்ந்து அவசரமே இல்லாமல் முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குறுகுறுப்பு இல்லை, கூச்சம் இல்லை. தட்டிவிட்டாள். விரல் பட்டது விரலுக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை. மரத்துப்போயிருக்கும், எலுமிச்சம்பழம் என்ன கொஞ்சமாகவா தேய்த்தோம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கொஞ்சமாகவா தேய்த்தாள்! வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளை கோகுல்ராஜ் வீட்டார் பெண் பார்த்துப் பூ வைக்க வருகிறார்கள். இதற்கு முன் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் கேசரியைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு போய், பெண் நிறம் கம்மி என்று போனில் சொன்னவர்கள். இதுவும் தட்டிப்போனால் அப்பா மணவாளன் உத்திரமேரூரில் வெளியே தலைகாட்ட மாட்டார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். எலுமிச்சம்பழம், கடலைமாவு, சர்க்கரை, தக்காளி, பூசிக் காயவைத்து உரிக்கிற கறுப்புக் களிம்பு என்று வாரத்துக்கு ஒருமுறை போடச் சொன்னதையெல்லாம் நாளைக்கு இரண்டுமுறை போட்டாள். எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்தே நாளில் முகம் சிவந்து, பொரிந்து, இருந்த நிறமும் போய்க் கறுத்தது.

அழுதுகொண்டே பின்கட்டுக்குப் போனவள் கண்ணில் அந்த அண்டா பட்டது. மணவாளன் கச்சாப் பட்டு அவித்துக்கொண்டிருந்தார். பூச்சி கட்டிய கூட்டிலிருந்து வரும் நூல் முதலில் சணல் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். சோப்பும் சோடாவும் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கி எடுத்தால் மேலே இருக்கும் பசை கரைந்து உள்ளே இருக்கும் மினுக்கு வெளியே வந்துவிடும். பிறந்ததிலிருந்து அவள் பார்ப்பதுதான். ஆனால் அன்றைக்குப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது.

அவள் நிற்பதைப் பார்த்து அப்பாவே சொன்னார்: "மினுக்கு வந்துட்ச்சின்னா ஒடனே எடுத்துடணும்மா. இன்னும் கொஞ்சம் வரட்டும்னு உட்டா இழை இழையா கழண்டு பூடும். அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அண்டாவை இறக்கிவிட்டு எழுந்தவர், தரையில் கிடந்த ஒரு முழ இழையைக் குனிந்து எடுத்தார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மாற்றி மாற்றிச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். பட்டு இழை காலில் மிதிபட அவர் விட்டதே இல்லை.

அவர் கை கழுவும் சத்தம் கேட்டதும் அவள் அந்த அண்டாவிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, ஆறவைத்து, துண்டை நனைத்து முகத்தில் போர்த்திக்கொண்டாள். எரியவில்லை. அதுதான் அதிசயம். மறுநாள் காலையில் அம்மா லீலாவதி இட்லித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி பண்ண? மூஞ்சி அப்படி பளபளன்னு கீது!"

அதைக் கேட்ட பிறகு யாரால் நிறுத்த முடியும்? மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். நான்காம் நாள்தான் ஈ வந்து உட்கார்ந்தது.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தலையணையில் வேர்வை நாற்றம் இல்லை, பின்கட்டில் அடிக்கிற அந்த அவிந்த பூச்சி வாடை. வியாழக்கிழமை மத்தியானம், தெருவில் தறிச்சத்தம் ஓய்ந்து, மின்விசிறியும் நின்று, வீடு புழுங்கிக் கிடந்த நேரத்தில் வேர்வையைத் துடைக்கலாம் என்று உள்ளங்கையால் கன்னத்தை அழுத்தினாள். வேர்வை இல்லை. சத்தம் வந்தது. புதுப் பட்டுப்புடவையைக் கசக்கினால் வருமே, அந்தக் கிறீச். கையை எடுத்தாள். நின்றது. மறுபடி வைத்தாள். மறுபடியும் வந்தது.

கண்ணாடியில் பார்த்தபோது தாடைக்குக் கீழே வெள்ளையாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அண்டாவிலிருந்து ஒட்டிய நூலாக இருக்கும். இழுத்தாள். வந்தது. ஒரு சாண் வந்தது. வலிக்கவே இல்லை. இழுக்க இழுக்க, உதட்டோரத்து மச்சம் மெல்லக் கீழே நகர்ந்து வந்தது.

நுனியைக் கத்தரித்து, மிச்சத்தை விரலால் அழுத்தி ஒட்டிவைத்தாள். அம்மாவிடம் சொல்லலாம் என்று சமையலறை வரைக்கும் போனாள். லீலாவதி பெரிய பாக்கியம் கிடைத்ததுபோல் தாம்பாளங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு. ஒரு நாள்தானே, நாளைக்கு முடியட்டும் என்று திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. மல்லிகை, சந்தனம், காபி எல்லாம் மணத்தது. அத்தனைக்கும் அடியில் அந்த வாடை. மற்றவர்களுக்குத் தெரியவில்லையா? மணையில் உட்கார்ந்தவள் அசையவில்லை. சிரிக்கவும் பயம். கோகுல்ராஜின் அம்மா கண்ணாடி வளையல் குலுங்க வந்து, தலையில் பூ வைத்து, சந்தனத்தைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் தடவினார். கிறீச்.

"பொண்ணு பட்டாட்டம் கீதும்மா. எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம்."

கூடமே கலகலத்தது. அப்பாவின் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே எல்லாம்.

அந்த அம்மாள் தன் பாய்க்குத் திரும்பி நடந்தார்.

வளையலில் ஒரு வெள்ளை இழை.

ஒரு எட்டு. இரண்டு எட்டு. இழை அறுபடவில்லை. நீண்டது. ஸ்ரீலேகாவின் தாடையில் காற்றுப் பட்டதுபோல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். உதடு இருந்த இடத்தில் இல்லை. எல்லோரும் தாம்பூலத் தட்டு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இவள் பக்கம் திரும்பவில்லை.

அப்பாதான் பார்த்தார். அவளை இல்லை. தரையை. பாய்க்கும் மணைக்கும் நடுவே, நடப்பவர்கள் காலடியில், நல்ல பட்டு இழை.

குனிந்து எடுத்தார். வளையல் பக்கத்தைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்குமாகச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார். வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு மினுக்கு எந்த நூற்கண்டுக்கு என்று முகம் மலர்ந்து, கையிலிருப்பதையே பார்த்துக்கொண்டு, சுற்றியபடியே மணையை நோக்கி ஒவ்வொரு அடியாக வந்தார்.

இன்னும் நிமிரவில்லை.