பத்தொன்பதாவது செகண்ட்

காலையில ஒம்பது நாப்பத்தொண்ணு. டெஸ்டிங் ரூம்ல அக்கா நாற்காலியோட சரிஞ்சு விழுந்தா. ரெண்டு காதுலயும் ரத்தம். தலையில ஹெட்போன் அப்படியே மாட்டியிருந்துச்சு, உள்ள என்னமோ 'கீ'ன்னு கத்திட்டே இருந்துச்சு.

முதல்ல ஓடிவந்தது சுண்டெலி. காது கேக்காதவங்களுக்கு மெஷின் செய்யற அந்தக் கம்பெனிக்கு வந்து மூணு மாசம், வாயே திறக்கமாட்டா, அதான் அந்தப் பேரு. வந்த வேகத்துல சத்தத்தை நிறுத்தினா, வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினா, லேப்டாப்பைப் படக்குன்னு மூடினா. அப்புறம்தான் கத்தினா. முதலாளியும் அக்காவோட கூடப்பிறந்த தம்பியும் வந்து தூக்கினாங்க.

பத்து இருபதுக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தாங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரியிலருந்து போன். ரெண்டு காதும் போச்சு. திரும்பி வராது.

இன்ஸ்பெக்டரம்மா தனியா உக்காந்து லேப்டாப்பைத் திறந்தாங்க. சத்தத்தோட படம் திரையில நின்னுச்சு. பத்தொன்பதாவது செகண்ட் வரைக்கும் தட்டையா ஒரு கோடு. அதுக்கப்புறம் கறுப்பா ஒரு சுவர். குமிழ் பூஜ்யத்துல. மைக்ல அக்கா கையெழுத்துல ஒரு சீட்டு: 'பத்து செகண்ட், அதுக்கு மேல யாரும் பேசாதீங்க.'

"முதல்ல யாரு?"

முதலாளிதான் முந்திக்கிட்டார். "மேடம், சர்க்யூட்டைக் கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற சிமுலேஷனை ஓட்டினது இந்தப் பொண்ணு. தப்பு இவளோடது. இன்னைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிடுறேன்."

சுண்டெலிக்கு உயிரே போயிருச்சு. வேலை போனா இந்த நாட்டுல தங்குற பர்மிட் போகும். பர்மிட் போனா முப்பது நாள்ல ஊருக்கு மூட்டை கட்டணும்.

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். அந்த அம்மாவுக்கு இங்க என்ன வேலை?"

"கேக்குறதுதான் வேலை. தம்பி சர்க்யூட் வரைவான், அக்கா கேட்டுப் பாத்து பாஸ் போடுவா. நாலு தடவை இரைச்சல் வருதுன்னு தள்ளிட்டா. எனக்குக் கேக்கவே இல்ல, அவளுக்குக் கேட்டுச்சு. பாம்புக் காது! அஞ்சாவதும் போச்சுன்னா வேற டிசைனரைப் பாத்துக்குறேன்னு சொல்லியிருந்தேன்."

பதினொண்ணு அஞ்சு. தம்பி. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தான்.

"ஒம்பதரைக்கு மேல எங்க இருந்தீங்க?"

"ஸ்டோர் ரூம்ல."

"என்ன நடந்திருக்கும்?"

"சர்க்யூட்டுக்குக் கரண்ட் ஏறினதும் ஒரு உதை உதைக்கும் மேடம். சிமுலேஷன்லயும் அது வரும். முதல்ல சத்தமே வரல, அக்கா வால்யூமை முழுசா ஏத்திட்டா, அடிச்சிருச்சு. அந்தச் சுண்டெலியைக் கேளுங்க. நேத்து என் ஃபைல்ல கைய வச்சா."

பதினொன்றரை. சுண்டெலி வந்து நாற்காலி நுனியில உக்காந்தா.

"ஃபைலைத் தொட்டியாம்மா?"

"தொட்டேன் மேடம். ஒரே ஒரு எண்ணு. எட்டுன்னு இருந்துச்சு, பதினாறுன்னு போட்டேன். வெளிய வர்ற சத்தத்தை எவ்வளவு நுணுக்கமா எழுதணும்கிற எண்ணு அது. எட்டுன்னா கரடுமுரடா எழுதும். சொல்லலாம்னுதான் இருந்தேன்... அவரு கோவக்காரரு."

"எனக்கு இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் தெரியாது. மைக்ல பேசினா உடனே கேக்குமா?"

"இல்ல மேடம். முதல்ல பேசிப் பதிவு பண்ணணும். அந்த ஃபைலை சர்க்யூட்டுக்குக் குடுக்கணும். பத்து செகண்ட் பேச்சுக்கு இந்த மெஷின் இருபத்தஞ்சு நிமிஷம் கணக்குப் போடும். பத்தாவது செகண்ட்ல நின்னுடும். அப்புறம்தான் இன்னொரு ஃபைலா எழுதும். அதைத்தான் அக்கா கேப்பாங்க. ஒம்பதரைக்கு முடிஞ்சுது, முதலாளி கூப்பிட்டாருன்னு முன்னாடி ரூமுக்குப் போயிட்டேன்."

"அந்த அம்மா முழுசா ஏத்தியிருந்த குமிழை நீதான் பூஜ்யத்துக்குத் திருகினேன்னு சொன்னியே, அதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்ட மட்டும்தான்."

பன்னெண்டு மணிக்கு மூணு பேரையும் டெஸ்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க.

"உதைன்னா கரண்ட் ஏறினதும் வரணும். இது பத்தொன்பதாவது செகண்ட்ல வந்திருக்கு. உள்ள போன பேச்சே பத்து செகண்ட்தான். மீதி எங்கருந்து வந்துச்சு? சர்க்யூட் கொடுக்கல, ஒம்பதரைக்கு இந்தப் பொண்ணு வெளிய போனதும் அந்த ஃபைலை எடுத்துட்டு யாரோ வேற ஃபைலை வச்சிருக்காங்க. முதல்ல வெறும் அமைதி. சத்தம் வரலைன்னா குமிழை ஏத்துறது எல்லாருக்கும் கைப்பழக்கம். முழுசா ஏறட்டும்னு காத்திருந்து அடிச்சிருக்கான்."

முதலாளி சுண்டெலியைப் பாத்தார்.

"அங்க பாக்காதீங்க. தம்பி, நீங்க ஸ்டோர் ரூம்ல இருந்தீங்க. அக்கா காதுல ஹெட்போன். லேப்டாப் மூடியிருந்துச்சு, குமிழ் பூஜ்யத்துல இருந்துச்சு. முதல்ல சத்தம் வரல, வால்யூம் முழுசா ஏறுச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? ஹெட்போனுக்குள்ள இருந்த அமைதி உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

தம்பி பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னான்: "அந்தக் காது இருக்கிற வரைக்கும் என் சர்க்யூட் ஒண்ணுகூடப் பாஸ் ஆகாது. சின்ன வயசுலருந்து நான் என்ன செஞ்சாலும் அவளுக்கு ஒரு குறை கேக்கும்."

"சுண்டெலி, காலையில அந்த அம்மா பேசினதை மறுபடி ஓட்டு."

இருபத்தஞ்சு நிமிஷம் மெஷின் கணக்குப் போட்டுச்சு. ஸ்பீக்கர்ல அக்கா குரல் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து வரைக்கும். பளிங்கு மாதிரி. ஒரு பொட்டு இரைச்சல் இல்ல.

"முன்னாடி வந்த இரைச்சல் சர்க்யூட்டோடது இல்ல மேடம்," சுண்டெலி தரையைப் பாத்துச் சொன்னா. "அவரு ஃபைல்ல இருந்த அந்த எட்டோடது. சர்க்யூட் முதல் தடவையே சரியாத்தான் இருந்திருக்கு."

விலங்கு மாட்டும்போது தம்பி எண்ணிக்கிட்டே இருந்தான். ஒண்ணுலருந்து பத்து வரைக்கும், திரும்பத் திரும்ப.

முதலாளி ஹெட்போனைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "ஏம்மா சுண்டெலி, உன் காது எப்படி? நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு." சுண்டெலிக்குப் பர்மிட் ஞாபகம் வந்துச்சு. தலையாட்டினா.

சாயங்காலம் நாலு மணி. ஆஸ்பத்திரி. தன் குரலே கேக்காததால அக்கா வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினா.

"இந்தத் தடவை இரைச்சல் இருந்துச்சா மேடம்? பாவம், தம்பி பயந்துகிட்டே இருப்பான்!"

இன்ஸ்பெக்டரம்மா பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க: 'இல்ல.'

அக்கா முகமெல்லாம் சிரிப்பு. பேனாவைப் பிடுங்கி அதுக்குக் கீழயே பெருசா எழுதினா: 'பாஸ்.' "இதை அவன்கிட்ட குடுங்க! எங்க அவன், ஏன் இன்னும் வரல?"

இன்ஸ்பெக்டரம்மா பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாங்க.