இரண்டாவது பேட்டரி

"மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன் சார். வேலை போனாலும் சரி."

ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுகிறவள் உட்காரக்கூட இல்லை. எல்லோரும் 'நிதானம்' என்று கூப்பிடும் அந்த ஓய்வுபெற்ற காப்பீட்டு ஆய்வாளர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். துப்பு என்றால் சோறு தண்ணீர் மறக்கும் அவருடைய மச்சான், அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராகிவிட்டான்.

மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் குழந்தைகளின் தடுப்பூசி கொண்டுபோவது அவள் வேலை. ஜீப்பில் குளிர்பெட்டி உண்டு. சேற்றில் சிக்கினால் கட்டி இழுத்துக்கொள்ள முன்பக்கம் வின்ச் என்ற மின் உருளை உண்டு. இந்த இரண்டுக்காகவும் அடம்பிடித்து இன்னொரு பேட்டரி பொருத்தியிருந்தாள். விடுமுறைக்கு மறுநாள் காலையில் அந்தப் பேட்டரி செத்து, பெட்டி சூடாகக் கிடந்தது. மருந்து முழுவதும் வீண். கிடங்கு மேலாளர் பழியை அவள்மேல் போட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டிருந்தார்.

"கிடங்கு மேலாளர் என்ன சொல்றார்?" என்றார் நிதானம்.

"நான் முன்விளக்கை அணைக்காமப் போயிட்டேனாம். லீவன்னிக்கு முழுக்க எரிஞ்சுதாம். ஜன்னல் வழியா பாத்தாராம், ஷெட் பக்கமே போகலையாம்."

"காலையில வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

"முதல் திருப்புலயே."

நிதானம் தலையசைத்தார்.

ஜீப் நிற்கும் ஷெட்டுக்குப் போனார்கள். எதிரே இருந்த வடிகாலின் விளிம்பு புதிதாக உடைந்திருந்தது. வின்ச்சின் உறையைக் கழற்றியதும் மச்சான் கத்தினான்: "மாமா, கம்பியைக் காணோம்!"

"கம்பி அறுந்தா ஆளையே வெட்டிடும்ணே. லீவுக்கு முந்தின சாயங்காலம்தான் நைலான் கயிறு மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லல." அவள் குனிந்து பார்த்தாள். "கயித்துல என்ன சேறு? இன்னும் ஒரு தடவைகூட இதை இழுக்கலையே!"

சற்று நேரத்தில் தலைமை மருத்துவரின் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"டிரைவருக்கு எதுக்கு ரெண்டு பேட்டரின்னு அன்னிக்கே கேட்டேன்," என்றார் மேலாளர்.

"நல்ல கேள்வி," என்றார் நிதானம். "இன்ஜின் ஓடும்போது ரெண்டும் சார்ஜ் ஆகும். நின்னதும் ரிலேன்னு ஒரு சுவிட்ச் ரெண்டையும் தானாப் பிரிச்சிடும். முன்விளக்கும் ஸ்டார்ட்டரும் முதல் பேட்டரியில. நாளெல்லாம் விளக்கு எரிஞ்சிருந்தா அதுதானே செத்திருக்கணும்? வண்டி உடனே கிளம்பிடுச்சே! செத்தது ரெண்டாவது. குளிர்பெட்டி ஒரே நாள்ல அதைக் காலி பண்ணாது. இன்ஜினை நிறுத்தி வச்சு வின்ச்சை ஓட்டினா பண்ணிடும். அதுக்கு வண்டிச் சாவி வேண்டாம். ரிமோட் ஷெட்டுலயே தொங்குது."

"அப்ப யாரோ அந்தக் கம்பியை இழுத்திருக்காங்க!" என்றான் மச்சான்.

நிதானம் மேலாளரைப் பார்த்தார். "நீங்க வின்ச்சைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கு சார் அந்தக் கயித்தைத் தொடப்போறேன்?"

நிதானம் முன்னால் சாய்ந்தார்.

"லீவுக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும் அது இரும்புக் கம்பி. என் மச்சான் இன்னும் கம்பின்னுதான் சொல்றான். உறைக்குள்ள இருக்கிறது கயிறுன்னு, ஷெட் பக்கமே போகாத உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலாளரின் முகம் வெளிறியது. "லீவன்னிக்கு என் கார் வடிகால்ல இறங்கிடுச்சு. உதவிக்கு யாருமில்ல. இழுத்தா பெட்டி நின்னுடும்னு சத்தியமா தெரியாது."

"தெரியாமச் செஞ்சதுக்கு நான் சண்டைக்கு வரல," என்றாள் அவள். "தெரிஞ்சப்புறமும் என் தலையில கட்டினீங்களே, அதுக்குத்தான்."

மருத்துவர் தொண்டையைச் செருமினார். "நீ வண்டியை எடும்மா. இது இந்த ரூமோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குத்தானே அசிங்கம்?"

"எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தினப்ப ரூமைத் தேடினீங்களா டாக்டர்?"

அவள் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். நர்சுகளும் மருந்தாளுநரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் வாசல்வரை வந்து நின்று, தரையைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."