வெள்ளை மண் பூசிய பீச் மரம்

எங்கள் தெருவில் எல்லாருக்கும் என் பீச் மரத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு.

"அது மரமா? குச்சி!" என்பார் பால்காரர்.

"வெயில் ஊருல குளிர் ஊரு மரத்த வெச்சா வெளங்கிடும் போ!" என்பார் எதிர்வீட்டுப் பூவாயி அத்தை.

என் தம்பி இனியவன் மட்டும் கருத்து எதுவும் சொல்ல மாட்டான். "பழம் எப்பக்கா?" என்று மட்டும் கேட்பான். மூன்று வருடமாக அதையேதான் கேட்கிறான்.

மரத்தைக் கொண்டுவந்தவர் ஆனந்தராஜ் மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவின் சிநேகிதர். எங்கள் ஊர் விருத்தாசலத்தில் செய்கிற பீங்கான் பூந்தொட்டிகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போய் வருவது அவர் வேலை. அங்கே ஒரு நர்சரியில் கொடுத்த ஒட்டுக்கன்றை ஈரச் சாக்கில் சுற்றி, தன் பக்கத்து சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். வேப்பூரில் டீ குடிக்க இறங்கியபோதுகூட, கன்றுக்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் தனக்கு டீ சொன்னாராம்.

"இதுதான் தாய் மரம், பாரு வெண்பா" என்று போனில் ஒரு படம் காட்டினார். ஒரு இலைகூட இல்லாத மரம்.

"அய்ய, மொட்டத் தல!" என்றான் இனியவன்.

"குளிர்காலத்துல எடுத்த படம்டா. அப்புறம் போயிப் பாத்தா மரம் முழுக்கப் பூவு!"

என் வாய் சும்மா இருந்ததா? "மொதப் பழம் உங்களுக்குத்தான் மாமா. கடை மருந்து ஒரு சொட்டு அடிக்காம வளத்துத் தரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மாமா ரெண்டு ஹாரன் அடிப்பார்.

"வெண்பா, பழமா?"

"இலைதான் மாமா!"

மாட்டுச் சாணம், காய்கறித் தோல், மக்கிய சருகு எல்லாம் போட்டு வளர்த்தேன். மரமும் என் உயரத்தைத் தாண்டியது. ஆனால் எந்நேரமும் இலைதான். பூ என்ற பேச்சே இல்லை.

போன கார்த்திகையில் ஒருநாள் அப்பா மரத்தடியில் நின்று தலையைச் சொறிந்தார். எங்கள் தோட்டம் மிகவும் சின்னது. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துணிக் கொடி, ஒரு மரம். அவ்வளவுதான் இடம்.

"தை முடியட்டும்மா. அதுக்குள்ள பூக்கலன்னா இத எடுத்துட்டு முருங்கை வெச்சிடலாம். வாரத்துல நாலு நாளு சாம்பாராவது ஆவும்" என்றார்.

மாமாவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

இது போதாதென்று அசுவினிப் பூச்சி வேறு வந்தது. இலைகளின் அடியில் பச்சைப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. வேப்பெண்ணெய் தெளித்தேன். இரண்டு நாள் விருந்துக்குப் போன மாதிரி போய்விட்டு, மூன்றாம் நாள் குடும்பத்தோடு திரும்பி வந்தது.

அம்மா ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறார். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவார். ஸ்கூல் விட்டதும் நான் அங்கேதான் போவேன். அங்கே மண் கரைக்கிறவர் கொளஞ்சிநாதன் அண்ணன். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"வெள்ளை மண்ணு தரேன். இன்னும் எதுவும் கலக்காத வெறும் மண்ணு. தண்ணியில கரைச்சித் தெளி. எங்க வூட்டுக் கத்திரிச் செடிக்கு அதான் செய்யறேன். ஆனா மோர் கணக்கா இருக்கணும், பாத்துக்க. ஒரு பங்கு மண்ணுக்குப் பத்துப் பங்கு தண்ணி."

மோர் கணக்காவா? நான் யார்? பீங்கான் ஊரில் பிறந்தவள். மண் கரைசல் தோசை மாவு மாதிரி இருக்க வேண்டும், தண்ணீர் கூடினால் பொம்மை உருப்படாது என்று தினமும் கேட்டு வளர்ந்தவள். ஆகவே தோசை மாவுப் பதத்திலேயே கரைத்தேன். தெளிக்க வரவில்லை. சரி என்று பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு இலைக்கும் முன்னும் பின்னும் பூசினேன். கீழ் இலைகளுக்கு இனியவன் பூசினான். பாதி மண் அவன் சட்டையில்தான் இருந்தது.

"என்னாடி, மரத்துக்குப் பவுடர் பூசிக் கல்யாணத்துக்கு அனுப்புறியா?" என்று பூவாயி அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்கு நாளில் மண் காய்ந்து வெடித்தது. இலைகள் பழுத்தன. பத்தாம் நாள் காலையில் பார்த்தால் எல்லா இலைகளும் தரையில் கிடந்தன. மரம் வெறும் குச்சியாக நின்றது.

நான் துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனியவன்கூட அன்று பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த யோசனைய யாரு குடுத்தா? கொளஞ்சியா? வரட்டும், நல்லாக் கேக்கறேன்!"

கேட்கப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், அன்று சாயங்காலம் கொளஞ்சி அண்ணனே வந்தார். அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"மன்னிச்சுடுங்கண்ணே. நான் மண்ண குடுத்ததாலதான் புள்ள மரம் போயிடுச்சு. எனக்கு மனசே ஆவல" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் திட்டு முழுவதும் அண்ணனுக்குப் போயிருக்கும். எனக்கு ஒன்றுமே விழுந்திருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

"அப்பா, அண்ணன் மேல தப்பு இல்ல. மோர் கணக்கா கரைக்கச் சொன்னாங்க. நான்தான் கேக்காம தோசை மாவு கணக்கா கரைச்சிட்டேன்."

அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உள்ள வா கொளஞ்சி, டீ குடி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அரிவாளோடு தோட்டத்துக்குப் போனார். "செத்த மரத்த வெச்சிக்கிட்டு என்னாம்மா பண்ணறது?"

ஓடிப்போய் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். உண்மையிலேயே செத்துவிட்டதா? நகத்தால் ஒரு கிளையை லேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை! இன்னொரு கிளையைக் கீறினேன். அங்கும் பச்சை!

உடனே மாமா போனில் காட்டிய படம் நினைவுக்கு வந்தது.

"அப்பா, தாய் மரமும் இப்படி மொட்டையாத்தான் நின்னுச்சு. அப்புறம்தான் பூத்துச்சு. உயிர் இருக்குதுப்பா, பாருங்க! தை முடியட்டும்னு நீங்கதான சொன்னீங்க? இன்னும் மார்கழியே முடியல."

அப்பா குனிந்து பச்சையைப் பார்த்தார். "சொன்னேன்தான்" என்று அரிவாளைக் கீழே வைத்தார்.

அன்று கொளஞ்சி அண்ணன் இரண்டு ஸ்பாஞ்சோடு வந்தார். பொம்மையைத் துடைப்பதுபோல ஒவ்வொரு கிளையிலும் இருந்த மண்ணைத் துடைத்து எடுத்தோம். அப்புறம் காத்திருந்தோம். தினமும் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

தை இருபத்திரண்டு. நான் ஸ்கூலுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து இனியவன் கத்தினான்.

"அக்கா! மரத்துல யாரோ பபிள்கம் ஒட்டி வெச்சிருக்காங்க!"

பாதிப் பின்னலோடு ஓடினேன். பபிள்கம் இல்லை. ரோஸ் நிறத்தில் மொட்டு! மூன்று நாளில் பதினோரு பூக்கள். பூவாயி அத்தை தெருவையே கூட்டிவந்து, ஏதோ தானே வளர்த்ததுபோல எல்லாருக்கும் காட்டினார்.

ரெண்டு ஹாரன் கேட்டது.

"வெண்பா, பழமா?"

"பூ மாமா! பூ!"

மாமா லாரியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அங்க குளுருல தானா இலை கொட்டும், அப்புறம் பூக்கும். இங்க குளுருக்கு எங்க போவுறது? இலை கொட்டவே இல்ல. அத நீ கொட்ட வெச்சிட்ட! அதனாலதான் பூத்திருக்கணும்" என்றார்.

பதினோரு பூவில் நான்கு காயாயின. இரண்டு உதிர்ந்தன. ஒன்றை அணில் தின்றது. மிச்சம் இருந்த ஒன்றுக்கு அம்மா பழைய துணியில் பை தைத்துக் கட்டினார். சித்திரையில் அது பழுத்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கன்னத்தில் சிவப்பு.

மாமா வந்ததும் இரண்டு கையாலும் கொடுத்தேன். "உங்க பழம் மாமா. நீங்க கொண்டாந்து குடுக்கலன்னா எனக்கு மரமே இல்ல. ரொம்ப நன்றி."

மாமா அதை வாங்கிக்கொண்டார். மூக்கருகில் வைத்து முகர்ந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"மகேஸ்வரி, கத்தி எடுத்தாம்மா. நான் ஒருத்தன் தின்னா எனக்கு எறங்குமா?" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஏழு துண்டு போட்டார்கள். இரண்டு துண்டைப் பீங்கான் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்றை எதிர்வீட்டில் பூவாயி அத்தைக்குக் கொடுத்தேன். இன்னொன்றோடு கம்பெனிக்கு ஓடினேன். கொளஞ்சி அண்ணன் மண் கையோடு நின்றார். நானே அவர் வாயில் ஊட்டிவிட்டேன்.

"உங்க மண்ணால வந்த பழம்ண்ணே!"

மென்றார். கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. "மோர் கணக்கா கரைக்கச் சொன்னேன். நல்ல வேள, நீ கேக்கல!"

வீட்டுக்கு வந்து என் துண்டைத் தின்றேன். கொஞ்சம் புளிப்பாகத்தான் இருந்தது. பெரியவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. இனியவன் மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "புளிக்குது. இன்னொண்ணு குடு" என்றான்.

அப்பா முருங்கைக் கிளையை வாசலில் கேட்டுப் பக்கத்தில் நட்டுவிட்டார். தோட்டத்தில் பீச் மரம் புது இலைகளோடு நின்றது.

மாமா லாரியில் ஏறினார். ரெண்டு ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"வெண்பா, அடுத்த வருசமும் பழமா?"

நான் கேட்டின் மேல் ஏறி நின்று அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

"மொதல்ல இலை கொட்டணும் மாமா!"